அரைஞாண் கொடியும் இரண்டு பேட்டரியும்

அல்சூர் ஆதிகேசவன் தன் ஆயுளில் எடுத்த தீர்மானங்களிலேயே உருப்படியானது இதுதான்: இனிமேல் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பாக்கெட்டில் போடுவதில்லை.

எடுத்தது தை மாதம் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. எடுத்த இடம் குளியலறை, உள்ளே தாழ்ப்பாள். அந்த வீட்டில் ஆதிகேசவனின் தீர்மானங்கள் எல்லாம் அங்கேதான் நிறைவேறும். மற்ற இடங்களில் தீர்மானம் எடுப்பது அவர் மனைவி யசோதா.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"பல்லு தேய்க்கறேன்."

"இருபது நிமிஷமாவா? இருக்கறதே இருபத்தெட்டு பல்லு."

"ஒவ்வொண்ணா தேய்க்கறேன்."

"பேகா வாங்க, நேரமாச்சு. ஏழரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள சந்தாபுராவுல தம்பி புது வீட்டுல பால் பொங்கியாகணும்."

உள்ளே ஆதிகேசவன் புகை விட்டுக்கொண்டிருந்தார். புகை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது ஆவி. சிகரெட்தான் புகை. போன சித்திரையில் யசோதா அவரைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரத்தை ஏற்றி, "இனிமே சிகரெட்டைத் தொட மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னார். தொடவில்லை. சத்தியம் சத்தியம்தான். ஆனால் சத்தியத்தில் சிகரெட் மட்டும்தானே இருந்தது? பேட்டரி போட்டு இழுக்கிற இந்தக் குழலைப் பற்றி அவளும் கேட்கவில்லை, கற்பூரமும் கேட்கவில்லை. விற்கக் கூடாது என்று தடை இருக்கிற சாமான் என்பதால் கடையில் கிடைக்காது. குழலையும் அதில் ஊற்றுகிற நிக்கோட்டின் திரவப் பாட்டிலையும் ஆபீஸில் ஒருவன் கொண்டுவந்து கொடுப்பான். எங்கிருந்து என்று இவர் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

யசோதா அன்றைக்குச் சத்தியம் வாங்கினாளே, அது சும்மா இல்லை. மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறுவதற்குள் ஆதிகேசவனுக்கு மூச்சு இழுத்தது. அவள் பயந்துவிட்டாள். "எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?" என்று நடுப்படிக்கட்டில் நின்று அழுதாள். ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அந்த அழுகை ஞாபகம் வரும்போதெல்லாம் ஆதிகேசவனுக்கு நெஞ்சு கனத்துப் போகும். கனம் குறைய இன்னும் ரெண்டு இழுப்பு இழுப்பார்.

இவர் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். தொம்மலூரில் பதினொரு மாடி ஆபீஸ் கட்டிடம் ஒன்றில் தீப் பாதுகாப்பு அதிகாரி. மாசத்துக்கு ஒரு தடவை மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பேட்டரின்னா விளையாட்டு இல்லை. தனியா எடுத்துட்டுப் போற பேட்டரியைச் சாவி, சில்லறை, எந்த உலோகமும் தொடக் கூடாது. ரெண்டு முனையையும் உலோகம் தொட்டுச்சு, கதை முடிஞ்சுது. ஒவ்வொண்ணும் தனித்தனிக் குழியில, பிளாஸ்டிக் டப்பாவுல" என்று பாடம் நடத்துவார். பாடத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சொந்தப் பாக்கெட்டில் மட்டும் சாவி, சில்லறை, பேட்டரி மூன்றும் கூட்டுக் குடும்பமாக இருந்தன. முந்தின நாள் சாவிக்கொத்து கொஞ்சம் சுட்டது. அதனால்தான் தீர்மானம்.

கொஞ்ச நாளாக வேறு ஒரு தொந்தரவும் சேர்ந்திருந்தது. குழலில் காரம் இல்லை. முன்பெல்லாம் நாலு இழுப்பு இழுத்தால் மண்டை கும்மென்று ஆகும். இப்போது நாற்பது இழுத்தாலும் உதட்டில் தித்திப்புதான் ஒட்டுகிறது. "சரக்குல கலப்படம் பண்றியா?" என்று ஆபீஸ்காரனிடம் சண்டை போட்டார். அவன் குழந்தை மேல் சத்தியம் செய்தான். காரம் குறைந்ததால் இழுப்பு கூடியது. இழுப்பு கூடியதால் பேட்டரி ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. அதனால்தான் கூடவே ரெண்டு உபரி பேட்டரி. கட்டைவிரல் தடிமனில் ரெண்டு நீலக் கண்மணிகள்.

அவற்றுக்கென்று நல்ல பிளாஸ்டிக் டப்பா இல்லாமல் இல்லை. ரெண்டு குழி, இறுக்கமான மூடி, கச்சிதமான டப்பா. போன வாரம் யசோதா அதைப் பார்த்துவிட்டாள்.

"இது என்ன டப்பா?"

"அதுவா? ஆபீஸ்ல ஃப்ரீயா குடுத்தாங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். எதுக்கும் இல்லை."

எதுக்கும் இல்லாத டப்பாவை யசோதா எடுத்துக்கொண்டாள். இப்போது அதில் புடவைக்குக் குத்துகிற ஊக்கு இருக்கிறது. பேட்டரி டப்பா நிறைய இரும்பு ஊக்கு! தீப் பாதுகாப்பு அதிகாரிக்குப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. வாய் திறக்க வழி இல்லை.

குளித்துவிட்டு வந்தவர் சமையலறையில் புகுந்து உருட்டினார். வேறு பிளாஸ்டிக் டப்பா ஏதாவது அகப்படுமா என்று. குப்பை பிரிக்கிற அம்மா ஒருநாள் வாசலில் நின்று சத்தம் போட்டதிலிருந்து யசோதா வீட்டில் பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டாள். உப்பு எவர்சில்வர், புளி எவர்சில்வர், பெருங்காயம் எவர்சில்வர். அலமாரியில் எவர்சில்வர் இல்லாத ஒரே வஸ்து யசோதாவின் கிளிசரின் பாட்டில். பெங்களூர்க் குளிருக்கு அவளுக்குக் குதிகால் வெடிக்கும். வாரத்துக்கு ஒரு பாட்டில் வாங்குகிறாள், வெடிப்பு மட்டும் வெடித்தபடியே இருக்கிறது. "அந்தக் கம்பெனிக்காரன் உன்னை நல்லா ஏமாத்தறான்டி" என்று ஆதிகேசவன் அடிக்கடி அவளைக் கிண்டல் செய்வதுண்டு.

"என்ன உருட்டறீங்க?" வாசலில் யசோதா.

"ஒரு சின்ன டப்பா. பிளாஸ்டிக்ல."

"எதுக்கு?"

"வெத்தலை பாக்கு போட்டுக்க."

"விசேஷ வீட்டுக்குப் போறவர் வெத்தலை பாக்கை வீட்டுலேர்ந்து கட்டிக்கிட்டுப் போறீங்களா? இந்தாங்க, எவர்சில்வர் சம்புடம்."

"வேணாம், கனமா இருக்கும்."

"உங்களுக்கா கனம்? சும்னே இருங்க. பட்டு வேட்டி எடுத்து வெச்சிருக்கேன், கட்டிக்கிட்டு வாங்க."

"பேன்ட் போட்டுக்கறேனே."

"எங்க வீட்டு மூத்த மாப்பிள்ளை நீங்க. சாமி படத்தைத் தூக்கிக்கிட்டு முதல்ல நுழையப் போறவர். பேன்ட்டாம், பேன்ட்!"

வேட்டியில் பாக்கெட் கிடையாது. வெள்ளைச் சட்டைப் பாக்கெட் கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதைக் காட்டும். ஆதிகேசவன் யோசித்தார். குழலை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துச் சட்டைப் பையில் போட்டார். அதில் பேட்டரிக்கு இடமில்லை. ஆகவே கர்ச்சீப்பை விரித்தார். ஒரு பேட்டரியை வைத்து ஒரு சுருட்டு, துணி மடிப்பு விட்டு இன்னொன்றை வைத்து இன்னொரு சுருட்டு. ஒன்றை ஒன்று தொடாது. துணியில் மின்சாரம் ஓடாது. பாடப் புத்தகத்தில் போடலாம். அந்தச் சுருளை இடுப்பில், வேட்டிக்கு உள்பக்கமாகச் சொருகிக்கொண்டார்.

இடுப்பில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. வெள்ளி அரைஞாண் கொடி. கார்த்திகை மாதத்தில் யசோதா செய்துபோட்டது. "சிகரெட்டை விட்டதுக்கு" என்று சொல்லி, தன் கையாலேயே கட்டிவிட்டாள். அன்றைக்கு ஆதிகேசவன் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கூட ஒரு கணம் நினைத்தார். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பேட்டரி முழுக்க இழுத்துத் தீர்த்தார்.

சந்தாபுராவில் யசோதாவின் தம்பி கவியரசன் ஃப்ளாட் வாங்கியிருந்தான். ரெண்டாவது மாடி, ரெண்டு பெட்ரூம். ஹாலில் முப்பது பேர். கவியரசனின் மாமியார் சாந்தகுமாரி ஆதிகேசவனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி! உங்களைத்தான் எதிர்பாத்தேன். இந்த மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. இன்னைலேர்ந்து சிகரெட்டைத் தொட மாட்டேன்னு எங்க பொண்ணு அனுஷா சத்தியம் வாங்கியிருக்கா. உங்களை மாதிரியே விட்டுடுவேன்னு சொல்லியிருக்கார்."

கவியரசன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான். "எப்படி மாமா விட்டீங்க?"

"மன உறுதி" என்றார் ஆதிகேசவன், வேட்டி மடிப்பைத் தடவிக்கொண்டே.

"கேட்டீங்களா? மன உறுதியாம்!" சாந்தகுமாரி முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அதுக்குத்தான் யசோதா வெள்ளியில அர்ணாக்கொடி போட்டிருக்கா!"

முப்பது பேரும் ஆதிகேசவனின் இடுப்பைப் பார்த்தார்கள். இந்த மானம் மட்டும் இன்றைக்கு மிச்சப்பட்டால் போதும், பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். இவர் குட்டு உடைந்தால் யசோதா தலை குனிவாள். சத்தியம் வாங்கிய அனுஷா ஏமாறுவாள். கவியரசன் மறுநாளே பெட்டிக் கடையில் நிற்பான்.

பால் காய்ச்சுகிற நேரம் வந்தது. நாத்தனார் என்ற முறையில் யசோதா புது அடுப்பைப் பற்றவைத்தாள். புதுப் பாத்திரத்தில் பால் ஏறிக்கொண்டிருந்தது. அடுப்படி வாசலில் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். அப்போதுதான் பாத்திரம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை அவள் கவனித்தாள்.

"கிழக்குப் பக்கமா பொங்கணும், இது மேற்கே சாயுதே. பாத்திரம் சுடுது. பிடிதுணி எங்க?"

"இன்னும் பெட்டியையே பிரிக்கலை அண்ணி" என்றாள் அனுஷா.

"என்னங்க, உங்க கர்ச்சீப்பைக் குடுங்க."

"கர்ச்சீப்பா? எடுத்துட்டு வரலையே."

"இடுப்புல புடைச்சுக்கிட்டு இருக்கே, அது என்ன?"

மறுபடியும் முப்பது பேர். மறுபடியும் இடுப்பு.

"அது... கர்ச்சீப்புதான்."

"சீக்கிரம்! பால் மேல வந்துடுச்சு!"

ஆதிகேசவன் சுவர்ப் பக்கம் திரும்பினார். சுருளைப் பிரித்தார். பேட்டரி ரெண்டையும் வேட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டு, கர்ச்சீப்பை மட்டும் உருவி நீட்டினார். ஐந்தே நிமிஷம், அப்புறம் கழிவறைக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். மாசாமாசம் பதினொரு மாடிக்கும் பாடம் நடத்துகிற மனுஷன், தன் இடுப்பில் இருந்த உலோகத்தை மறந்துபோனார்.

யசோதா கர்ச்சீப்பால் பாத்திரத்தை நிமிர்த்தினாள். பால் நுரைத்துக்கொண்டு கிழக்கே சரியாகப் பொங்கி வழிந்தது. சாந்தகுமாரி மணி அடித்தார். "பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு" என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

அதே நொடியில் ஆதிகேசவனும் பொங்கினார்.

"ஆஆ! ஐயோ! சுடுது! சுடுது!"

நின்ற இடத்தில் ஓர் அடி உயரம் எழும்பினார். இறங்கியதும் மறுபடி எழும்பினார். வெள்ளிக் கொடி பேட்டரியின் ரெண்டு முனையையும் அணைத்துக்கொண்டு அடுப்புக் கம்பியாய்க் காய்ந்தது. கண் விழி பிதுங்க, தலைமுடி கலைய, கையை விரித்துக்கொண்டு ஹாலில் ஒரு சுற்று சுற்றினார்.

"சாமி வந்துடுச்சு!" என்று கத்தினார் சாந்தகுமாரி. "வழி விடுங்க! மஞ்சத் தண்ணி கொண்டாங்க!"

தண்ணீர் வந்தது. ஒரு குடம் தலையோடு இறங்கியது. ஆதிகேசவன் நிற்கவில்லை. உத்தியோகப் புத்தி ஒரு மின்னல் மின்னியது: சுடுகிற சாமானை ஆளை விட்டு விலக்கு, மணலில் போடு. பால்கனியில் டைல்ஸ் வேலைக்குப் போக மிச்சமான மணல் மூட்டை ஒன்று கிடந்தது. "மண்ணு! மண்ணு!" என்று அலறிக்கொண்டு ஓடினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேட்டிக்குள் கையை விட்டு, பேட்டரிகளை மூட்டைக்குள் தள்ளி, ரெண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி மூடினார்.

அப்பாடா என்று திரும்பினால், பால்கனி வாசலில் முப்பது பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

"மண்ணு கேட்டுச்சு பாத்தீங்களா?" சாந்தகுமாரியின் குரல் தழுதழுத்தது. "பூமி பூஜையில ஏதோ குறை வெச்சுட்டோம். தாயே, யாரு வந்திருக்கீங்க? சொல்லுங்க தாயே!"

ஆதிகேசவனுக்கு முன்னால் ரெண்டு வழிதான். ஒன்று, உண்மையைச் சொல்லி மூட்டையைத் தோண்டிக் காட்டுவது. இன்னொன்று, தாயாக இருப்பது.

"ம்ம்ம்..." என்று உறுமினார். "ஆத்தா வந்திருக்கேன்."

எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். கவியரசன் தரையோடு தரையாக விழுந்தான். யசோதா மட்டும் விழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் கற்பூரத் தட்டு. முகத்தில் பக்தி.

"ஆத்தா, ஒரு குறி கேக்கணும்."

ஆத்தாவுக்கு வியர்த்தது. "கேளு மகளே."

"என் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுட்டாரா?"

"விட்டுட்டான்."

"சத்தியமா?"

"சிகரெட்டை... சத்தியமா விட்டுட்டான்."

"வேற ஏதாவது பழக்கம் இருக்கா ஆத்தா?"

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஆதிகேசவன் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். ஆனால் கற்பூரத்துக்கு முன்னால், அதுவும் சாமி வாயால், பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"அதையெல்லாம் ஏன் கேக்கறே மகளே?"

"கேக்கணும் ஆத்தா."

"இருக்கு. சின்னதா ஒண்ணு."

"எப்ப விடுவார்?"

"மெல்ல மெல்ல விடுவான். அவசரப்படுத்தாதே."

"சரி ஆத்தா" என்று யசோதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அனுஷா சட்டென்று முன்னால் வந்தாள். "ஆத்தா, அப்படியே எங்க வீட்டுக்காரரைப் பத்தியும்..." கவியரசன் கீழே படுத்தபடியே ஆத்தாவின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிடியில் பக்தி குறைவு, பயம் அதிகம்.

"அவனை நான் தனியா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆத்தா மலையேறியது. ஆதிகேசவன் தரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்று மத்தியானம் பந்தியில் அவருக்கு ரெண்டு வடை கூடுதலாக விழுந்தது. மணல் மூட்டைக்குச் சாந்தகுமாரி மஞ்சள் குங்குமம் வைத்து, பூச் சுற்றிவிட்டார்.

சாயங்காலம் அல்சூர் வீட்டில் ஆதிகேசவன் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. யசோதா சோற்றுக் கற்றாழையைக் கீறிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தடவினாள்.

"ஆத்தா வந்தா இடுப்புல கோடு விழுமா?" என்று கேட்டாள்.

"விழும் போல."

"பேட்டரி ரெண்டையும் மணல்லேர்ந்து எடுத்து கவியரசன்கிட்ட குடுத்திருக்கேன். பழைய பேட்டரி வாங்கற இடத்துல போட்டுடச் சொல்லி. ஷார்ட் ஆனதை மறுபடி போடக் கூடாது இல்ல?"

ஆதிகேசவன் படுத்த இடத்திலேயே தலையைத் திருப்பிப் பார்த்தார். "உனக்கு... எப்போதிலேர்ந்து தெரியும்?"

"ஆடி மாசத்துலேர்ந்து. துவைக்கப் போட்ட பேன்ட்ல குழலும் பாட்டிலும் இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கலை?"

"கேட்டா விட்டுடுவீங்களா? ஒளிச்சு வைக்க வேற இடம் பாப்பீங்க. எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லதுதானே."

ஆதிகேசவன் எழுந்து உட்கார்ந்தார். அரைஞாண் கொடியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"இதைப் போட்டுக்க எனக்கு யோக்யதை இல்ல யசோ. படிக்கட்டுல நீ அழுதே. நான் உன்னை ஏமாத்திட்டேன்."

"தகுதி இல்லாமயா வெள்ளி வாங்கினேன்? போட்டுக்குங்க."

"இல்ல. முதல்ல விடறேன். ஆனா ஒரே நாள்ல முடியாதும்மா. உனக்கு அது புரியாது. நிக்கோட்டின்னா என்னன்னு நினைச்சே? ரத்தத்துல கலந்தது. திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், தூக்கம் வராது, சோறு இறங்காது. உயிருக்கே ஆபத்து. ஒரு ஆறு மாசம் டைம் குடு. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு..."

"ஏங்க, தீபாவளிலேர்ந்து உங்களுக்குக் கை நடுங்குச்சா?"

"இல்லையே. ஏன்?"

"தூக்கம்?"

"அதெல்லாம் நல்லாத்தான் தூங்கறேன்."

"சோறு இறங்கறதை நானே பாக்கறேன். மெட்ரோ படிக்கட்டுல போன வாரம் எனக்கு முன்னால ஏறிப் போய் மேல நின்னுக்கிட்டு, 'பேகா வா'ன்னு கூப்பிட்டீங்களே, மூச்சு வாங்குச்சா?"

ஆதிகேசவன் யோசித்துப் பார்த்தார். வாங்கவில்லை.

யசோதா கட்டில் மேல் காலைத் தூக்கி நீட்டினாள். குதிகாலில் வெடிப்பு, ஏரி வற்றிய மாதிரி, அப்படியே இருந்தது.

"ஆடியில ஆரம்பிச்சு, வாரத்துக்குக் கொஞ்சமா உங்க பாட்டில்ல இருக்கறதைக் குறைச்சு, இதுக்குப் பூச வாங்கினதை ஊத்திக்கிட்டே வந்தேன். தீபாவளிக்கு அப்புறம் அதுல ஒரு சொட்டு நிக்கோட்டின் கிடையாது. மூணு மாசமா நீங்க பேட்டரி மாத்தி மாத்தி இழுத்ததெல்லாம் என் குதிகால் கிளிசரினுங்க."